பாஸ்போர்ட்டு தொலைந்தால்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், சேத்தூரைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் தேவதானத்தை நமது வாசகர்களில் சிலர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோவிலை முன்னிட்டு அறிந்திருப்பார்கள். சோழ மன்னன் வெகுமதி என்று சொல்லிப் பாண்டியனுக்கு அனுப்பிய விஷம் தோய்ந்த ஆடையின் தீங்கை இறைவன் தவிர்த்தருளினார் என்பது ஸ்தல வரலாறு. ஆகவே, வெளியூரிலிருந்து உள்ளே வருகிற பொருளைப் பற்றிய எச்சரிக்கை இந்த ஊருக்கு மிகப் பழைய விஷயம். உள்ளூரிலிருந்து வெளியே போகிற பொருளைப் பற்றிய எச்சரிக்கைதான் இன்னும் போதவில்லை என்று சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில் நமக்குத் தோன்றியது.

அயல்நாட்டுக்குப் புறப்படும் பிள்ளையை வழியனுப்பும் வீட்டைக் கவனித்தால் இது விளங்கும். ஊறுகாய்ப் பாட்டில் உடையாமல் இருக்க மூன்று துணி சுற்றப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை யார் மடியில் வைத்துக் கொண்டு போவது என்று கார் கிளம்பும் வரையில் விவாதம் நடக்கிறது. பாஸ்போர்ட்டு மாத்திரம் கால்சட்டைப் பையிலோ, தோள்பையின் வெளி அறையிலோ, இருக்கிற இடத்தில் இருந்து கொள்ளட்டும் என்று விடப்படுகிறது. பால்கோவா போனால் அடுத்த கடையில் கிடைக்கும்.

நம்மிடம் ஒன்பதாம் வகுப்பு வரையில் படித்து, வீட்டுக் கஷ்டத்தினால் நின்றுவிட்ட ஒரு பையன் மலேசியாவில் கிள்ளான் நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை பார்த்து வந்தான். ஒரு வியாழக்கிழமை இரவு, நாம் பரீட்சைக் காகிதங்களைத் திருத்திக் கொண்டிருந்தபோது அவன் டெலிபோனில் கூப்பிட்டான். "ஸார், பாஸ்போர்ட்டு போயிருச்சு, ஸார்" என்றான். அதற்கப்புறம் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு மதுரையில சேர்த்திருக்காங்களாம். நாள் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்" என்றான்.

விசாரித்ததில் தெரிய வந்தது இது. வேலை அனுமதியைப் புதுப்பிக்கிற காரியமாகத் திங்கட்கிழமை கோலாலம்பூர் போயிருக்கிறான். திரும்பும் ரயிலில் தோள்பையை மறந்தானோ, யாரேனும் எடுத்துக் கொண்டார்களோ, இறங்கியபோது பை இல்லை. அன்றிரவே சொல்லியிருக்க வேண்டியதை மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அறையில் உடனிருந்தவர்கள், "போலீஸுக்குப் போனால் முதலில் உன்னைத்தான் பிடித்து உள்ளே வைப்பார்கள்" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். தரகர் ஒருவர் மூவாயிரம் வெள்ளி கொடுத்தால் 'வேறு காகிதம்' செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பையன் அந்தப் பணத்தைக் கடன் கேட்டுத் திரிந்து கொண்டிருந்த சமயத்தில்தான் தகப்பனாரைப் பற்றிய சேதி போயிருக்கிறது.

நாம் கணக்கு வாத்தியார். நமக்கு இந்த விஷயத்தில் அனுபவம் இல்லை. ஆனால் பயந்திருக்கிறவனிடம் 'விசாரித்துச் சொல்கிறேன்' என்று சொல்லி விட்டுத் தூங்கப் போக முடியுமா? அன்றிரவு நமது மைத்துனர் ஒருவரையும், கல்ஃப் தேசத்தில் பதினைந்து வருஷம் இருந்து திரும்பிய அண்டை வீட்டுக்காரரையும் எழுப்பிக் கேட்டுத் தெரிந்து கொண்டதையும், பிற்பாடு நாமாகவே படித்து உறுதி செய்து கொண்டதையும் இங்கே எழுதுகிறோம். நமது வாசகர்களின் வீடுகளில் சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒருவராவது இருப்பார். மேல்படிப்புக்குப் போன பெண்ணும் இருப்பாள்.

முதலில் போலீஸ். பாஸ்போர்ட்டு காணாமற்போன நகரத்துப் போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் நகலைக் கையில் வாங்கிக் கொள்ள வேண்டும். பயப்பட வேண்டியது புகார் கொடுப்பதற்கல்ல, கொடுக்காமல் நடமாடுவதற்கே. அன்னிய தேசத்தில் தெருவில் நிறுத்திக் கேட்கும் அதிகாரிக்குக் காட்ட ஒரு காகிதமும் இல்லாதவன் கள்ளத்தனமாக வந்தவனாகவே கருதப்படுவான். புகாரின் நகல் உள்ளவன் தன் பொருளை இழந்தவன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு காகிதந்தான். அடுத்த காரியம் எதுவானாலும் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இரண்டாவது, நமது தேசத்தின் காரியாலயம். காமன்வெல்த் நாடுகளில் இதற்கு ஹைகமிஷன் என்று பெயர். மற்ற நாடுகளில் தூதராலயம். பெரிய நகரங்களில் கான்ஸல் காரியாலயங்களும் உண்டு. பெயர் எதுவானாலும் அங்கே நடக்கும் வேலை ஒன்றே. போலீஸ் புகாரின் நகல், புகைப்படங்கள், தொலைந்த பாஸ்போர்ட்டின் நகல் அல்லது அதன் எண், தான் இந்தியப் பிரஜை என்று காட்டும் வேறு ஆதாரங்கள் ஆகியவற்றுடன் மனுச் செய்ய வேண்டும். அங்கே இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று, புதிய பாஸ்போர்ட்டு. இதற்கு ஊரில் விசாரணை முதலியவை நடக்க வேண்டியிருப்பதால் காலம் பிடிக்கும். மற்றொன்று, 'எமர்ஜென்ஸி சர்ட்டிபிகேட்' என்கிற அவசரப் பத்திரம். இது துரிதமாகக் கிடைக்கும். ஆனால் இந்தியாவுக்குத் திரும்பி வருவதற்கு மாத்திரம், அதுவும் ஒரே தடவை செல்லும். அதைக் காட்டி வேறு தேசம் போக முடியாது. போன தேசத்திற்கே மறுபடியும் திரும்பவும் முடியாது.

நமது பையனுடைய கஷ்டம் இந்த இடத்தில்தான் முற்றியது. வேலை அனுமதி தொலைந்த புத்தகத்தில் இருந்தது. அவசரப் பத்திரம் வாங்கிக் கொண்டு வந்துவிட்டால், ஊரில் புதிய பாஸ்போர்ட்டு எடுத்து, புதிய அனுமதி பெற்று, போவதற்கு வாங்கிய கடன் தீராமலே மறுபடியும் கடன் வாங்கித்தான் போக வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவனாகையால், 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, மலேசியா முதலிய சில தேசங்களுக்கு வேலைக்குப் போக அவனுக்குத் தனியாகக் குடியேற்ற அனுமதியும் வேண்டும். (பையன்கள் பள்ளியை விட்டு நிற்கும்போது நாம் சொல்லிப் பார்க்கும் காரணங்களில் இதையும் இப்போது சேர்த்திருக்கிறோம். பித்தகோரஸைக் காட்டிலும் இது அவர்கள் மனத்தில் தைக்கிறது.) அங்கேயே இருந்து புதிய பாஸ்போர்ட்டு வாங்கினால் வேலை நிற்கும், தகப்பனார் நிற்பாரோ, தெரியாது.

"என்ன செய்யட்டும், ஸார்?" என்று கேட்டான். அவனுடைய தாயாரைக் கேட்கச் சொன்னோம். கேட்டுவிட்டுத்தான் நம்மைக் கூப்பிட்டதாகவும், "வேலையைப் பாரு, ஐயா, கடன் கெடக்கு" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். நாம் சற்று நேரம் யோசித்து, "வந்துவிடு" என்றோம். பிறர் கடனைப் பற்றி வாத்தியார் இவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லலாமா என்று அந்த இரவு முழுவதும் நமக்கு உறுத்திக் கொண்டே இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அவன் போலீஸுக்குப் போனான். யாரும் அவனை உள்ளே வைக்கவில்லை. எழுதிக் கொண்டார்கள், நகல் கொடுத்தார்கள். முதலாளியிடம் சொன்னான், அவர் கோபித்துக் கொண்டாலும், தம்மிடம் வேலை பார்ப்பவன் என்று ஒரு கடிதம் கொடுத்தார். மத்தியானம் கோலாலம்பூரில் ஹைகமிஷன் காரியாலயத்தில் நின்றான். அங்கே, "பழைய பாஸ்போர்ட்டின் நகல் இருக்கிறதா? எண்ணாவது தெரியுமா?" என்று கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை. நமது பாஸ்போர்ட்டு எண் ஓர் ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. சினிமாப் பாட்டுக்கள் நூறு மனப்பாடமாக வைத்திருக்கும் தலையில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. அவனை மாத்திரம் சொல்வானேன்? நமது பாஸ்போர்ட்டின் எண்ணும் நமக்குத் தெரியாது.

சேதி கிடைத்ததும் நாம் பள்ளிக்கூடத்தில் அனுமதி பெற்றுக் கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். தாயார் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தார். தங்கைப் பெண் தகரப் பெட்டியைத் திறந்து கொட்டினாள். குடும்ப அட்டை, நிலத்துப் பட்டா, தடுப்பூசி அட்டை, யாருடையவோ கல்யாணப் பத்திரிகைகள். அடியில், பழைய நாட்காட்டித் தாளில் மடித்து வைத்த ஒரு நகல். இரண்டு வருஷத்திற்கு முன் நகைக் கடன் வாங்கியபோது எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்ததில் மிஞ்சிய பிரதி அது. புகைப்படம் கருத்து முகமே தெரியவில்லை. ஆனால் எண் தெரிந்தது, வழங்கிய தேதியும் ஊரும் தெரிந்தன. கைபேசியில் படம் எடுத்து அனுப்பினோம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவனுடைய பிறந்த தேதி உள்ள பக்கத்தையும் தலைமையாசிரியரின் அனுமதியோடு எடுத்தனுப்பினோம். பின்னது தேவைப்பட்டதா என்று தெரியாது. சும்மா இருக்க முடியாதவர்கள் இப்படி ஏதேனும் செய்யத்தான் செய்வார்கள்.

எண் தெரிந்தபிறகு காரியம் நடந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆகிவிட்டது; சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கட்கிழமை அவசரப் பத்திரம் கைக்கு வந்தது. அதை வாங்கியதும் விமானம் ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர், அது தவறு. போன தேசத்துக்குள் நுழைந்த முத்திரையும் தங்கும் அனுமதியும் தொலைந்த புத்தகத்தோடு போய்விட்டபடியால், அந்த நாட்டுக் குடிநுழைவு இலாகாவிடமிருந்து வெளியேறும் அனுமதி பெற வேண்டும். இது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஹைகமிஷனிலேயே எங்கே போக வேண்டும் என்று விசாரித்துக் கொள்வது நலம். செவ்வாய்க்கிழமை அது ஆயிற்று. புதன்கிழமை இரவு விமானத்தில் திருச்சிக்கு டிக்கெட்டு.

செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்குத் தகப்பனார் காலமாகிவிட்டார்.

இந்த இடத்தில் வேறு சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். பாஸ்போர்ட்டு என்பது நம்முடைய பெயரையும் படத்தையும் தாங்கியிருந்தாலும் நம்முடைய சொத்து அல்ல. 1967ஆம் வருஷத்துச் சட்டப்படி அது எப்பொழுதும் மத்திய சர்க்காரின் சொத்து. அதை ஈடு வைக்கவோ, நம்பிக்கைக்கு என்று ஒருவரிடம் ஒப்படைக்கவோ நமக்கு அதிகாரமில்லை. பல இடங்களில் முதலாளிகள் வேலைக்கு வந்தவனுடைய புத்தகத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக் கொள்கிறார்கள். மலேசியாவில் 1966ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி, பிறருடைய பாஸ்போர்ட்டைத் தகுந்த அதிகாரமின்றி வைத்திருப்பது குற்றம். அப்படிப் பூட்டப்பட்டதும் ஒரு விதத்தில் தொலைந்ததே. 1990இல் ஈராக் படை குவைத்தில் புகுந்தபோது, அங்கிருந்த நமது ஜனங்கள் ஏறக்குறைய ஒரு லட்சத்து எழுபதினாயிரம் பேர் ஜோர்டானின் அம்மான் நகரம் வழியாக ஊர் திரும்பினார்கள். கையில் பாஸ்போர்ட்டில்லாமல் புறப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அத்தனை பேருக்கும் வழி பிறந்தபோது, சமாதான காலத்தில் ஒருவனுக்கு வழி பிறவாதா?

இந்தப் புத்தகத்துக்கு இத்தனை மதிப்பு வந்தது அதிக காலத்துக்கு முன் அல்ல. இந்தியப் பாஸ்போர்ட்டுச் சட்டம் முதலில் வந்தது 1920இல். நமது பாட்டனார் காலத்துத் தொழிலாளிகள் மண்டபம் முகாமில் தங்கி, கழுத்தில் எண் பொறித்த தகரத் துண்டைக் கட்டிக் கொண்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்தத் தகரத்தைத் தொலைத்தவன் என்ன ஆனான் என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. சுதந்திரம் வந்த பிறகுங்கூட, பாஸ்போர்ட்டு கொடுப்பதும் மறுப்பதும் சர்க்காரின் இஷ்டமாகவே இருந்தது. சத்வந்த் சிங் ஸாஹ்னி என்பவர் தொடுத்த வழக்கில், வெளிநாடு செல்வது மனிதனுடைய சுதந்திரத்தில் ஒரு பகுதி என்று 1967 ஏப்ரலில் ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன பிறகே, அதே வருஷம் ஜூன் மாதத்தில் இப்போதைய சட்டம் வந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் அந்தக் கோட்பாடு இன்னும் விரிந்தது. தொலைத்துவிட்டு மனுவோடு நிற்பவன் பிச்சை கேட்பவன் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம். காரியாலய ஜன்னலின் முன் நமது கிராமத்துப் பையன்கள் குனிந்து நிற்கிற நிற்பை நாம் அறிவோம்.

தொலைந்தது என்று அறிவித்த பிறகு பை கிடைத்துவிட்டால் அதைச் சந்தோஷமாக எடுத்துக் கொண்டு விமான நிலையம் போகலாகாது. அந்த எண் ரத்து செய்யப்பட்டிருக்கும். தொலைந்தவை, திருடப்பட்டவை ஆகியவற்றின் பட்டியல் ஒன்றை இண்டர்போல் ஸ்தாபனம் 2002 முதல் வைத்து வருகிறது. ஏதோ ஓர் எல்லையில் அந்த எண் சிவப்பாகத் தெரிந்தால் சொந்தப் புத்தகத்தின் திருடனாக உட்கார வேண்டிவரும். கிடைத்ததைக் காரியாலயத்தில் ஒப்படைப்பதே முறை. தரகர் செய்து தரும் 'வேறு காகிதம்' பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொலைத்தது துரதிர்ஷ்டம், அது குற்றம்.

வீட்டிலிருப்பவர்களும் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டாம். வெளிவிவகார இலாகா 2015இல் 'மதத்' என்ற முறையீட்டு ஏற்பாட்டைத் தொடங்கியது. ஊரிலிருந்தபடியே அதில் எழுதலாம். அயல்நாட்டில் பணமின்றித் தவிக்கும் இந்தியருக்கு உதவ நமது தூதராலயங்களில் 2009 முதல் ஒரு நல நிதி உண்டு. ஜில்லா கலெக்டரிடமும், சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கென்று இருக்கும் ஆணையரகத்திலும் மனுக் கொடுக்கலாம். இவற்றையெல்லாம் நாம் அறிந்து கொண்டது பையன் ஊர் வந்து சேர்ந்த பிறகு.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் தேவதானம் வந்தான். ஐஸ் பெட்டியில் தகப்பனாரை வைத்துக் காத்திருந்தார்கள். பந்தலடியில் அவன் காலணியைக் கழற்றி ஓரமாக, ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனதைப் பார்த்துக் கொண்டிருந்தோம். கொள்ளி வைத்துத் திரும்பி வந்தபின், திண்ணையில் தாயார் நம்மிடம், "நாலு நா பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு, வாத்தியாரய்யா. சனிக்கெழம கூட, பய வந்துட்டானான்னு கேட்டாரு" என்றார்.

ஒரு கணக்கு மனத்தில் தானே ஓடிற்று. திங்கட்கிழமை தொலைந்தது. செவ்வாய் காலையில் புகார் கொடுத்திருந்தால், இடையில் விடுமுறையில்லாமல் புதன்கிழமை பத்திரம், வியாழன் வெளியேறும் அனுமதி, வெள்ளி இரவு விமானம். சனிக்கிழமை காலையில் ஊர். பையன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனும் கூட்டல் கழித்தலில் கெட்டிக்காரன். நாம் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

கருமாதி கழிந்து ஒரு மாதத்துக்குப் பின் மதுரைப் பாஸ்போர்ட்டு ஆபீஸுக்கு அவனோடு போனோம். முப்பத்தாறு பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தொலைத்தவனுக்கு 3,000 ரூபாய். போலீஸ் விசாரணையும் மறுபடி நடந்தது. தை மாதத்தில் தபாலில் புத்தகம் வந்தது. இப்போது அவன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறான். மலேசியா போவதா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மிடம் கணக்குப் படிக்க வருகிறான்.

புத்தகம் வந்த அன்று முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மூன்று பிரதி எடுத்து வந்தான். ஒன்று அவனிடம், ஒன்று தாயாரின் தகரப் பெட்டியில். மூன்றாவதை நம்மிடம் நீட்டி, "இது உங்ககிட்ட இருக்கட்டும், ஸார்" என்றான். அதை நமது அலமாரியில், நமது பாஸ்போர்ட்டின் நகலோடு சேர்த்து வைத்தோம். நமது நகலை அன்று மாலைதான் எடுத்திருந்தோம்.